ஸ்ரெல்லா மிஸ் அறிவித்த உறவு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரு மேசையில் இருத்தி, ஆளுக்கொரு தேத்தண்ணியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் 'நீங்கள் எவடம்' என்று தொடங்கி, கனடாவிலிருக்கிற ஒரு சித்தப்பாவைப் பிடித்து, லண்டனிலிருக்கிற ஒரு மருமகளைப் பிடித்து, கடைசியில் 'அப்ப நீங்கள் எங்களுக்கு ஒரு வழியிலை சொந்தம்' என்று முடித்திருப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பல்கலைக்கழகம். அதில் ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்குகிற குழு ஒன்று. குழுவில் இருப்பவருக்கும் காசு கேட்பவருக்கும் உறவு ஏதும் இருந்தால் முதலே சபையில் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு விதி. அந்த விதியைக் காக்கிற வேலை குருநகர் ஸ்ரெல்லா மிஸ்ஸுடையது. மனுஷிக்கு இன்னும் விசர் பிடிக்காமல் இருப்பதே பெரிய காரியம்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால், 'என்னைப் பற்றி எழுத ஆரிட்டை அனுமதி எடுத்தனீங்கள்' என்று ஸ்ரெல்லா வந்து நிற்பார். நிற்கக்கூடிய ஆள்தான்.

தகப்பன் படகு வைத்துத் தொழில் செய்தவர். மகள் தட்டெழுத்துப் படித்துப் பல்கலைக்கழகக் கந்தோரில் சேர்ந்தார். பரீட்சைப் பிரிவு, நிதிப் பிரிவு, நூலகம் என்று மேசை மேசையாக மாறி வந்தவரை ஆராய்ச்சி நிருவாகப் பிரிவில் கொண்டுபோய் இருத்தியது ஒரு வெளிநாட்டு நிறுவனம். நேராக அல்ல. 'நாங்கள் தருகிற காசுக்குக் கண்காணிப்பு வேண்டும். மனிதரிடம் ஆராய்ச்சி செய்தால் சம்மதம் வாங்கினீர்களா, மிருகத்தை வதைத்தீர்களா, சொன்ன வேலைக்குத்தான் செலவழித்தீர்களா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும்' என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பதிவாளர் யோசித்தார். பேராசிரியர்மார் சத்தம் போட்டால் எழும்பி நின்று கைகட்டாத ஆள் யார்? பரீட்சைப் பிரிவில் இருந்த காலத்தில், பிந்தி வந்த புள்ளித்தாளை ஒரு பீடாதிபதியின் கையிலேயே திருப்பிக் கொடுத்த ஸ்ரெல்லாவின் ஞாபகம் அவருக்கு வந்தது.

வந்த முதல் வருஷமே ஆளின் பெயர் அடிபடத் தொடங்கிவிட்டது. இரத்த மாதிரி வைப்பதற்கென்று வாங்கிய குளிரூட்டி ஒன்றைப் பார்வையிடப் போனார். திறந்தால் உள்ளே யோக்கட்டும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் இருந்தன. ஸ்ரெல்லா அறிக்கை எழுதவில்லை, மேலிடத்துக்குப் போட்டுக் கொடுக்கவுமில்லை. குளிரூட்டிக் கதவைத் திறந்து பிடித்தபடி, கடைசி மாம்பழம் வெளியே வரும்வரை ஒரு சொல்லும் பேசாமல் அங்கேயே நின்றார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக் குளிரூட்டிகளில் மாம்பழம் பழுத்ததாகக் கேள்விப்படவில்லை.

குழு கூடும்போது முதல் வேலை கேள்வி கேட்பது. தலைவர் பேராசிரியர் வாகீசன் தொண்டையைச் செருமியதும் ஸ்ரெல்லா எழுந்து வாசிப்பார்: 'இன்றைய விண்ணப்பகாரர் எவரோடாவது உறவோ, நட்போ, வியாபாரமோ, பகையோ உள்ளவர்கள் இப்போது அறிவிக்கவும்.' கொழும்பிலோ கண்டியிலோ என்றால் இதற்கு அரை நிமிஷம் போதும். இங்கே இது ஒரு தனிக் கச்சேரி. இணுவிலிலிருந்து வருகிற கலாநிதி பஞ்சலிங்கம் இதற்கென்றே வெற்றிலை போட்டவர் மாதிரி ஆசையோடு காத்திருப்பார். ஒரு விண்ணப்பகாரர் அவருடைய மச்சானுக்குப் பெறாமகன், அதாவது கூடப்பிறந்தவரின் மகன். இன்னொருவர் காணி வழக்கில் எதிர்ப் பக்கம், ஆனால் கோயில் திருவிழாவில் ஒரே உபயம். உள்ளதெல்லாம் வெளியே வந்து எல்லாரும் எழும்பிப் போனால் கூட்டம் நடத்தத் தலைவரும் மின்விசிறியும்தான் மிஞ்சும் என்பதால், 'நெருங்கிய உறவு' என்றால் எதுவரை என்று ஸ்ரெல்லா ஒரு கோடு கிழித்தார். பெறாமகன் கோட்டுக்கு உள்ளே, பெறாமகனின் மச்சான் வெளியே. பிள்ளைகளின் கலியாணத்தால் வருகிற உறவு முழுக்க உள்ளே.

அந்தப் பஞ்சலிங்கமே ஒருமுறை மாட்டிக்கொண்டார். சொந்த மருமகனின் விண்ணப்பம் வருகிற நாளில் ஆள் காய்ச்சல் என்று லீவு. அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் வைத்து ஸ்ரெல்லா பிடித்துவிட்டார். லீவு எடுப்பது அறிவித்தல் ஆகாது, தலைவரின் காதுக்குள் குசுகுசுத்தாலும் ஆகாது, சபையில் வாய்விட்டுச் சொல்லி, கூட்டக் குறிப்பில் ஏற்றி, அந்த விண்ணப்பம் முடியும்வரை வெளியே விறாந்தை வாங்குப் பலகையில் போய் இருக்க வேண்டும் என்று தேத்தண்ணிக் கடைக்காரருக்கும் விளங்கும்படி சொன்னார். அதோடு விடவில்லை. தன் கந்தோரிலும் ஒரு விதியை எழுதி ஒட்டினார். அங்கே வேலை செய்கிறவர் ஒரு விண்ணப்பத்தை வேறு ஆளிடம் கைமாற்றினால் காரணத்தைச் சொல்லித்தான் மாற்ற வேண்டும். அந்தக் கந்தோரில் இருந்தது அவரும் நிவேதனா என்ற இளம் உதவியாளரும் மட்டுந்தான். ஆக, அந்த விதி நிவேதனாவுக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஸ்ரெல்லாவும் அப்படித்தான் நினைத்தார்.

ஸ்ரெல்லாவுக்கு ஒரே பிள்ளை, ஜெசிதா. புத்தூரில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். கலியாணப் பேச்சு அவளுக்கு இரண்டுமுறை வந்து, இரண்டுமுறையும் முறிந்தது. முதலாவது கனடாப் பெடியன். பேச்சு வெளியே கசிந்த கிழமையே, 'பிள்ளைக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்குது' என்று யாரோ ரொறன்ரோவுக்குப் போன் எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்குச் சின்ன வயதில் ஒரு மாரிக்கு இருமல் இருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது பேச்சை யார் எப்படிக் குழப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த போன் வராமல் நின்றது. படம் எடுக்க உடுத்த சேலையை ஜெசிதா மடித்து அலுமாரியின் ஆக அடித்தட்டில் வைத்தாள். சொல்லி அழுதிருந்தாலாவது தாய்க்கு ஆறுதலாக இருந்திருக்கும். கலியாணப் பேச்சு என்றாலே ஸ்ரெல்லா பயப்படத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது பேச்சைக் கொண்டுவந்தவர் மச்சாள் மரியநாயகி. ஸ்ரெல்லாவின் புருஷனுக்கு மூத்த சகோதரி. புருஷன் வலைக்கடை வைத்திருக்கிற, எதற்கும் 'நீ பார்த்துச் செய்' என்று சொல்லுகிற நல்ல மனுஷன். அதனால் அந்த வீட்டில் கதைக்க வேண்டியதையெல்லாம் தமக்கையே கதைத்துவிடுவார். ஞாயிறு பூசை முடிந்து முக்காட்டை எடுக்காமலே வந்த மரியநாயகி, குசினிக்குள் புகுந்து, கதவையும் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பெடியன் பக்கத்துக் கோயில் பங்கு. விரிவுரையாளர். பெடியனின் தாய்க்கு ஜெசிதாவைக் கோயிலில் கண்டதும் பிடித்துப்போனது. பெடியனுக்குப் படம் காட்டியாயிற்று, அவனுக்கும் விருப்பம். அந்தத் தாய் பெடியனின் தகப்பனோடு கதைத்து முடிவு சொல்லும்வரை ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது.

"உன்ரை புருஷனுக்குக்கூட நான் பாதிதான் சொன்னனான்," என்றார் மரியநாயகி. "இந்தமுறை ஆரும் வாயைத் திறந்தால் பிள்ளை வீட்டோடைதான்."

பெடியனின் பெயரைக் கேட்டதும் ஸ்ரெல்லா கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டார். கிறகோரி ஜெனிஸ்ரன். கந்தோரில் அவர்கள் 'நண்டு சேர்' என்று சொல்லுகிற ஆள். கடல்நீரேரியில் நீலக்கால் நண்டுக்குஞ்சுகள் எங்கே வளர்கின்றன, எந்த அளவுக் கண் உள்ள வலை அவற்றை அள்ளிக்கொண்டு போகிறது என்று பார்ப்பதற்குப் பணம் கேட்டு அவர் போட்ட விண்ணப்பம் ஸ்ரெல்லாவின் மேசை லாச்சிக்குள்தான் இருந்தது. புதன்கிழமைக் கூட்டத்துக்கு.

இருந்ததோடு நின்றால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமையே ஸ்ரெல்லா அதை வாசித்து, ஒரு பிழையையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆராய்ச்சிக்குப் படகு கொடுப்பது கடற்றொழிலாளர் சங்கம் ஒன்று. சம்மதித்துக் கையெழுத்து வைத்த சங்கத் தலைவர் கிறகோரி. 'பங்காளி அமைப்புகளில் உங்கள் உறவினர் உண்டா' என்ற கேள்விக்கு ஜெனிஸ்ரன் 'பொருந்தாது' என்று எழுதியிருந்தார். சங்கத் தலைவர் சொந்தத் தகப்பன். மறைத்தாரா என்றால் அதுவும் இல்லை. பெயரின் முன்பாதியே தகப்பன். குடாநாட்டில் எவரிடம் காட்டினாலும் இன்னார் மகன் இன்னார் என்று எழுத்துக்கூட்டாமல் சொல்லிவிடுவார்கள். பிறந்த நாளிலிருந்து பெயரிலேயே அறிவித்துக்கொண்டு திரிகிற ஒன்றை இன்னொருமுறை எழுத வேண்டும் என்று அந்தப் பெடியனுக்குத் தோன்றவேயில்லை. ஆனால் காசு தருகிறவர்கள் இருக்கிற நாட்டில் பின்பெயர்தான் குடும்பப் பெயர். அவர்களுக்குக் கிறகோரி யாரோ, ஜெனிஸ்ரன் யாரோ. பிறகு தெரியவந்தால் அவர்கள் அதற்கு வைக்கும் பெயர் வேறு.

இப்படியான பிழைகள் ஸ்ரெல்லாவுக்குப் புதிதில்லை. கூட்டத்துக்கு முதல் ஆளுக்குப் போன் எடுத்து, 'சேர், இந்த இடத்தைத் திருத்தித் தாங்கோ' என்று சொல்லுவது அவருடைய நாளாந்த வேலை. திங்கட்கிழமை எடுப்போம் என்று விட்டிருந்தார். இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்து இந்தக் குழப்பத்தைச் செய்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் ரிசீவரைக் கையில் எடுத்தார், வைத்தார். இன்றைக்குப் போன் எடுத்தால் அது மகளைக் கட்டப்போகிறவனுக்கு மாமி செய்கிற சலுகை. எடுக்காவிட்டால், வேறு யாருக்கும் செய்கிற கடமையை அவனுக்கு மட்டும் செய்யாத அநியாயம். ஃபைலை நிவேதனாவிடம் கொடுக்கலாம். கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும், சுவரில் ஒட்டியிருக்கிற விதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நிவேதனா நல்ல பிள்ளைதான், ஆனால் நிவேதனாவிடம் சொல்வதும் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி வைப்பதும் ஒன்று. நாளைக்குப் பார்ப்போம் என்று ஸ்ரெல்லா லாச்சியைச் சாத்தினார். எத்தனை பேராசிரியர்மாரின் 'நாளைக்குப் பார்ப்பம்' என்பதை அவர் திருப்பி அனுப்பியிருப்பார்!

அன்றைக்குப் பின்னேரமே ஜெனிஸ்ரன் வேறு ஏதோ சாட்டில் கந்தோர்ப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். எல்லாம் சரிதானே மிஸ் என்று கேட்டார். ஸ்ரெல்லா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், புதன்கிழமை நேரத்துக்கு வாங்கோ சேர் என்றார். பெடியன் வடிவாகத் தலை இழுத்து வந்திருந்ததையும், தாயைப் பார்க்கிற சாட்டில் மகளின் சாடையைத் தேடியதையும் திரையைப் பார்த்தபடியே கண்டுவிட்டார். ஸ்ரெல்லாவுக்கும் பெடியனைப் பிடித்துப்போனது. அதுதான் இன்னும் பெரிய தொல்லை.

செவ்வாய்க்கிழமை ஜெசிதா பஸ்ஸால் வந்திறங்கி முகம் கழுவியதும், தாய் எல்லாவற்றையும் சொன்னார். கூட்டத்தில் சொல்லத்தான் வேண்டும் என்று தான் நினைப்பதையும் சொன்னார். தேத்தண்ணியில் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்த ஜெசிதா வெகுநேரம் கலக்கினாள்.

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு அம்மா," என்றாள். "அதையும் சேர்த்து யோசியுங்கோ."

சொல்லாதே என்று கெஞ்சியிருந்தால் ஸ்ரெல்லா சண்டை பிடித்திருப்பார், சொல்லுங்கோ என்றிருந்தால் கட்டிப்பிடித்திருப்பார். இரண்டுக்கும் இடம் வைக்காமல் பிள்ளை தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்தப் போய்விட்டது.

புதன்கிழமை குழு கூடியது. ஸ்ரெல்லா எழுந்து கேள்வியை வாசித்தார். பஞ்சலிங்கம் தன் பங்குக்கு ஒரு ஒன்றுவிட்ட தமையனையும் பழைய நண்பர் ஒருவரையும் அறிவித்து மனநிறைவோடு அமர்ந்தார். வேறு யாரும் உண்டா என்று வாகீசன் கேட்டார். ஸ்ரெல்லா அமரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

"நானும் ஒண்டு அறிவிக்கவேணும், சேர். நண்டு விண்ணப்பம்."

"ஜெனிஸ்ரனா? என்ன உறவு?"

ஸ்ரெல்லாவுக்கு அந்த இடத்தில் சொல் கிடைக்கவில்லை. கிழித்த கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்றும் தெரியவில்லை. இல்லாத உறவை எந்தப் பெயர் சொல்லி அறிவிப்பது?

"இன்னும் ஒண்டுமில்லை, சேர்," என்றார். "என்ரை பிள்ளைக்கும் அவருக்கும் பேச்சு நடக்குது."

உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் பெண்பிள்ளை வைத்திருந்தவர்கள், அல்லது பெண் கொடுத்தவர்கள். கலியாணப் பேச்சை முற்றாகாமல் வெளியே விடுவது என்றால் என்ன என்று ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. பஞ்சலிங்கம்கூடப் பகிடி ஒன்றும் விடவில்லை. குறிப்பில் என்ன போடுவது என்று, உதவிக்கு வந்திருந்த நிவேதனா கண்ணால் கேட்டாள். 'எதிர்பார்க்கப்படும் உறவு' என்று போடச் சொன்னார் வாகீசன். ஸ்ரெல்லா கொப்பியை அவளிடம் கொடுத்துவிட்டு விறாந்தைக்குப் போனார்.

வாங்கில் ஜெனிஸ்ரன் இருந்தார். அழைக்கும்போது உள்ளே போய் விளக்கம் சொல்ல விண்ணப்பகாரர்கள் அங்கேதான் காத்திருப்பது வழக்கம். இதை ஸ்ரெல்லா மறந்தேபோனார். வேறு வாங்கும் இல்லை. ஒரு பக்கத் தொங்கலில் அவர், மறுபக்கத் தொங்கலில் இவர். பெடியன் நல்ல உற்சாகம். சங்கம் படகு தருகிறது, வாடைக்காற்று அடங்க முதல் தொடங்கினால் ஒரு பருவம் முழுக்கப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். பிறகுதான் கண்டுபிடித்தார்.

"மிஸ், நீங்கள் ஏன் வெளியிலை?"

"அறிவிச்சுப்போட்டு வந்தனான்."

அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. காது சிவந்துபோயிற்று. "அப்ப உள்ளுக்கை எல்லாருக்கும் தெரியும்," என்றார். பிறகு குரலை இறக்கி, "அம்மா இன்னும் அப்பாவுக்கே சொல்லேல்லை, மிஸ்," என்றார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே கூப்பிட்டார்கள். தகப்பனின் கையெழுத்தைப் பற்றி ஒரு சொல் ஸ்ரெல்லாவின் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, முற்றத்து வேம்பைப் பார்த்தார். போனவர் கொஞ்ச நேரத்தில் தொங்கின முகத்தோடு திரும்பி வந்தார். பஞ்சலிங்கம்தான் பிடித்திருக்கிறார், உறவு கண்டுபிடிப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அறிவிக்காத உறவோடு விண்ணப்பத்தை அனுமதிக்க முடியாது, திருத்தி அடுத்த சுற்றுக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த சுற்று வரும்போது நண்டுப் பருவம் போய்விடும்.

"பேரிலையே இருக்குதே, மிஸ்," என்றார் ஜெனிஸ்ரன்.

செய்தி அவரை முந்திக்கொண்டு குருநகருக்குப் போயிருந்தது. வீட்டுக்கு வந்தால் மரியநாயகி வாசல் படலையிலேயே நின்றார். வழக்கமாகச் சத்தம் போடுகிற மச்சாள் அன்றைக்குச் சத்தம் போடவில்லை. "சொல்லவேண்டிய பெடியனுக்குச் சொல்லேல்லை. சொல்லக்கூடாத ஊருக்குச் சொல்லிப்போட்டாய்," என்று மட்டும் சொன்னார். ஸ்ரெல்லாவுக்கு அது நெஞ்சில் தைத்தது. மச்சாள் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. எப்படியும் சொல்லத்தான் போகிறோம் என்றால் திங்கட்கிழமையே நிவேதனாவிடம் சொல்லியிருக்கலாம். அவள் போன் எடுத்துப் பிழையைத் திருத்தியிருப்பாள், பெடியனுக்கு அந்தப் பருவம் கிடைத்திருக்கும். இரண்டு நாள் பொத்திவைத்ததில் விதியும் நிமிரவில்லை, பிள்ளையும் தப்பவில்லை, நண்டுதான் தப்பிக்கொண்டது. அன்றைக்கு ஸ்ரெல்லா சாப்பிடவில்லை. ஜெசிதா பக்கத்தில் வந்து இருந்து வெங்காயம் உரித்தாள்.

பெடியன் பக்கத்திலிருந்து வியாழனும் ஒரு சத்தமில்லை, வெள்ளியும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் படலையடியில் மோட்டார்சைக்கிள் ஒன்று நின்றது. வந்தவர் கிறகோரி. கடல் வெயிலில் கறுத்து, கரையில் நின்று கதைத்துப் பழகியதால் வீட்டுக்குள்ளும் உரத்துக் கதைக்கிற மனுஷன். ஹான்டிலில் ஒரு பை தொங்கியது. அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்ததை ஸ்ரெல்லா கண்டார். முறிக்க வந்தவர் என்று முடிவு கட்டினார். புருஷன் கதிரையைக் காட்டிவிட்டு மனுஷியைப் பார்த்தார். குசினி வாசலில் மரியநாயகி, அவருக்குப் பின்னால் ஜெசிதாவின் நிழல்.

கிறகோரி சுற்றி வளைக்கவில்லை. மகனின் விஷயம் மனைவி சொல்லித் தெரியவில்லை, கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டு நின்றபோது மற்றவன் சொல்லித் தெரியவந்தது என்றார். தன் கையெழுத்தால்தான் பெடியனின் காசு நின்றதென்றும் கேள்விப்பட்டாராம்.

"தங்கச்சி, நேரை கேக்கிறன். என்ரை கையெழுத்திலை பிழை இருக்கு எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம், அண்ணை. வெள்ளிக்கிழமையே தெரியும்."

மரியநாயகி கண்ணை மூடிக்கொண்டார்.

"பிறகேன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

ஸ்ரெல்லா அந்தக் கேள்வியை நாலு நாளாகத் தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தவர். வாயில் வந்ததைச் சொன்னார்.

"வேறை பெடியன் எண்டால் திங்கக்கிழமையே போன் எடுத்திருப்பன், அண்ணை. மருமகனுக்கு எப்பிடி எடுக்கிறது? வேறை ஆளிட்டைக் குடுத்திருக்கலாம். பிள்ளையை நினைச்சுப் பயந்து பொத்திப்போட்டன். அது என்ரை பிழைதான்."

கிறகோரி மோவாயைத் தடவினார். ஸ்ரெல்லாவின் புருஷனைப் பார்த்தார், குசினி வாசலைப் பார்த்தார்.

"மருமகன்," என்றார். "கூட்டத்திலை என்ன உறவு எண்டு கேக்க, இன்னும் ஒண்டுமில்லை எண்டனீங்களாம். இப்ப மருமகன் எண்டிறியள்."

ஸ்ரெல்லா வாயைப் பொத்திக்கொண்டார். புதன்கிழமை முழுச் சபையின் முன்னால் தேடிக் கிடைக்காத சொல் கேளாமலே விழுந்துவிட்டது.

"நான் கரையிலை ஏலம் கூறுற ஆள், தங்கச்சி," என்றார் கிறகோரி. "ஏலத்திலை வாயாலை சொன்னால் சொன்னதுதான். திருப்பி எடுக்க ஏலாது."

எழுந்து படலையடிக்குப் போனார். போய்விட்டார் என்றுதான் மரியநாயகி நினைத்தார். அவர் ஹான்டிலில் தொங்கிய பையைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்து, குசினி வாசலில் நீட்டினார். உள்ளே நண்டுகள் சரசரத்தன. கறியை நல்ல உறைப்பாக வைக்கச் சொன்னார். பெடியனையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவைக்கு வருவதாகச் சொன்னார். ஜெசிதா கை நீட்டிப் பையை வாங்கினாள்.

அடுத்த சுற்றுக் கூட்டம் வந்தபோது வாகீசன் முறைப்படி முன்னைய குறிப்பிலிருந்து எழும் விடயங்கள் ஏதும் உண்டா என்று கேட்டார். பஞ்சலிங்கம் கையை உயர்த்தினார். 'எதிர்பார்க்கப்படும் உறவு' என்று ஒன்று குறிப்பில் கிடக்கிறது, அது எந்த மட்டில் என்று சபை அறிய வேண்டும் என்றார். எல்லாரும் ஸ்ரெல்லாவைப் பார்த்தார்கள். போன ஞாயிறு கோயிலில் கலியாணத்துக்கான முதலாம் அறிவித்தல் வாசித்தாயிற்று என்றார் ஸ்ரெல்லா. தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கும்படி அங்கேயும் கேட்டார்களாம். ஒருவரும் அறிவிக்கவில்லையாம். அதைக் குறிப்பில் ஏற்றும்படி பஞ்சலிங்கம் பிரேரிக்க, இன்னொருவர் வழிமொழிந்தார்.

பிறகு ஸ்ரெல்லா தன் கேள்வியைத் தானே வாசித்து, தானே பதிலும் சொல்லி, கொப்பியை நிவேதனாவிடம் கொடுத்துவிட்டு விறாந்தைக்கு வந்தார். வாங்கின் தொங்கலில் இருந்த ஜெனிஸ்ரன் நகர்ந்து இடம் விட்டார்.

"இந்தமுறை உறவுக் கேள்விக்கு அப்பான்ரை பேரை எழுதினனான்," என்றார் அவர். "உங்கடை பேரையும் எழுதினனான், மாமி."

ஸ்ரெல்லா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"மிஸ் எண்டு சொல்லுங்கோ, சேர்," என்றார். "உள்ளுக்கை கூட்டம் நடக்குது."